படுக்கைக்கு அடியில் ஒரு நட்டு

அக்டோபர் 6, திங்கள்

பிசியோதெரபி செய்ய வரும் ஜெனிஃபர் இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் தினமும் என்ன பயிற்சி செய்தார், என்ன பேசினார் என்று எழுதி வைக்க வேண்டுமாம். முப்பது வருஷம் மற்றவர்களின் நோட்டைத் திருத்தியவள் நான். இப்போது என் நோட்டை ஒரு சின்னப் பெண் திருத்தப்போகிறாள்.

வலது கை மடக்கி நீட்டியது: எட்டு முறை. பந்தை அழுத்தியது: நான்கு. பேசியது: "ம்", "தண்ணி", "போலாம்".

அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. "போலாம்" என்றால் எங்கே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எதிரே வேன் நிற்கிறது. நூற்பாலையில் ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீசில் வேலை பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் தனி பேட்டரி என்று இரண்டு வருஷம் பாடுபட்டு அதை ஓடுகிற வீடாக்கினார். டைம் ஆபீஸ் புத்தி போகாது. எதை மாட்டினாலும் காகித டேப்பில் தேதி எழுதி ஒட்டிவிடுவார், சர்க்கரை டப்பாவில்கூட.

அந்த வேன் ஒரு நாள்கூட ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

மகள் கவின்மலர் போன் செய்தாள். பல்லடத்தில் ஒருவர் வேனை வாங்கிக்கொள்கிறாராம், இருபத்தாறாம் தேதி ஞாயிறு பார்க்க வருவாராம். "அது கண்ணு முன்னால நிக்கறதாலதாம்மா அப்பா ஏங்கிட்டே இருக்காரு" என்றாள். சரி என்றேன். நான் எதற்குமே முதலில் சரி என்று சொல்லிவிடுகிற ஆள்.

அக்டோபர் 8, புதன்

வேனை விற்கப்போவதை அவரிடம் சொன்னேன். கையிலிருந்த பந்தை விட்டுவிட்டார். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்.

பயிற்சி: இல்லை.

அக்டோபர் 9

இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஜெனிஃபர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் ஆன்ட்டி கை வழிக்கு வர்ற நேரம். இப்ப விட்டுட்டா அப்படியே இறுகிப்போயிடும். அங்கிளுக்கு எது மேல ஆசையோ அதைச் சொல்லிச் செய்ய வைங்க."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏனுங்க, வேன்ல லைட்டு ஃபேனெல்லாம் நானே எரிய வெக்கறனுங்க. நீங்க கைய மடக்குங்க. விக்கறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு முறை மடக்கினார்.

மார்ச்சிலிருந்து வேனில் லைட் ஏன் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. அதைப் பற்றி இந்த நோட்டில் எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 11, சனி

எழுதத்தான் வேண்டும்.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரோடு வேனுக்குள் போனேன். கட்டில் பலகையைத் தூக்கிவிட்டுக் கையை நுழைத்தால், நட்டு இறுகியிருக்கிறது. நான் வைத்த பிளாஸ்டிக் துண்டைக் காணோம். சுவிட்சைப் போட்டால் லைட்டும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை.

ஜெனிஃபர் படித்தால் படிக்கட்டும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்புறம் கிழித்துக்கொள்கிறேன்.

மார்ச் பத்தாம் தேதி கிளம்புவதாக அவர் முடிவு செய்திருந்தார். வெயில் ஏறுவதற்குள் கடலோரமாகக் கன்னியாகுமரி வரை போய்விட வேண்டும் என்று. அதற்கு முன் மூன்று முறை நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன். இந்த முறையும் என்னிடம் பிளஸ் டூ பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் டியூஷன் படித்தார்கள். இருபத்தைந்தாம் தேதிதான் கடைசிப் பரீட்சை. "பரீட்சை இருக்குதுங்களே" என்றேன். "வருஷா வருஷந்தான் பரீட்சை இருக்குது அம்மிணி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாதாடியிருக்கலாம், சண்டைகூடப் போட்டிருக்கலாம். வழக்கம்போல் சரி என்றேன்.

எட்டாம் தேதி மத்தியானம் அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் வேனுக்குள் ஏறினேன். பேட்டரியிலிருந்து வரும் கறுப்புக் கேபிள் வண்டியின் தகரத்தில் முடுக்கியிருக்கும். மின்சாரம் திரும்பி வரும் வழி அதுதான். ஒரேயடியாகக் கழற்றினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் நட்டைத் தளர்த்தி, கேபிள் முனைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, இழையளவு மட்டும் தொடும்படி விட்டேன். அவரிடம் இருந்தது டிஜிட்டல் மீட்டர். அது மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுக்கவே எடுக்காது, அதற்கு அந்த இழை போதும். பன்னிரண்டு வோல்ட் இருக்கிறது என்றே காட்டும். ஃபேனைப் போட்டால்தான் படுத்துவிடும். குழாயில் சொட்டுகிறதே என்று தண்ணீர் வருவதாக நினைப்பது மாதிரி. குடத்தை வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடாத வண்டியை அவர் வெளியூருக்கு எடுக்கமாட்டார்.

எந்தக் கழுதையும் இவ்வளவு யோசித்து ஒரு கெட்ட காரியம் செய்யாது. இயற்பியல் படித்த கழுதைதான் செய்யும்.

பரீட்சை முடிந்ததும் நானே சரி செய்துவிடலாம் என்று இருந்தேன். அவர் தினமும் வேனுக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தார். "மீட்டரு கரண்ட் இருக்குதுங்குது, ஃபேன் இல்லைங்குது, ஆரு பேச்சை நம்பறது அம்மிணி?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் தேதி மூன்று மணிக்கு டீ கொண்டுபோனபோது வேனுக்குள் சாய்ந்து கிடந்தார். வெயிலில் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது.

பல வருஷமாக ஏறிய ரத்த அழுத்தம், வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு நட்டைப் பற்றித் தெரியாது.

பயிற்சி: பத்து முறை.

அக்டோபர் 12, ஞாயிறு

கவின்மலர் வந்தாள். என் பென்ஷன் காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது என் பழைய பள்ளி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். "என்னம்மா, மூலை வெட்டியிருக்குது?"

"எலி கடிச்சிருக்கும்."

"எந்த எலிம்மா கத்தரிக்கோல் வெச்சுக் கடிக்குது?"

சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று எழுந்துபோய்விட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காட்டூரில் அன்வர் பாயின் வண்டி எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். நட்டு சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் வேறு கோளாறு ஏதோ இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். ஆனால் நானே எரிய வைக்கிறேன் என்று வாய்விட்டாயிற்று. அதைவிட, முன்பு ஒருமுறை எதையோ செருகிய இடத்தில் இன்னொருவர் கையை வைக்க நான் விடமாட்டேன்.

மீட்டர் வேண்டும் என்றேன். அன்வர் பாய் எதற்கு என்று கேட்டார். இயற்பியல் ஆசிரியையிடமா கேள்வி? கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கிளாம்ப் மீட்டரைக் காட்டி எடுக்கச் சொன்னேன். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் போதும், ஒயரை அறுக்காமலே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று சொல்லும். "டீச்சர், இது..." என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். "தெரியும் பாய், பில் போடுங்க" என்றேன்.

அக்டோபர் 15, புதன்

சோலாரிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரைக் கவ்வினால் பூஜ்யம். நல்ல வெயில், ஏதாவது ஓட வேண்டுமே. வாசலில் நிற்கும் எங்கள் காரின் ஹெட்லைட்டைப் போட்டு அதன் ஒயரைக் கவ்வினேன், அதிலும் பூஜ்யம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற மாறுதிசை மின்சாரத்தை மட்டும் அளக்கிற மீட்டர். பேட்டரியில் வருவது நேர்த்திசை. என் மாணவி யாராவது இப்படிச் செய்திருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார், வாயின் இடது பக்கத்தால். பதினைந்து முறை மடக்கினார்.

சிரித்தபோதே நட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அவருடைய டிஜிட்டல் மீட்டரை அலமாரியில் தேடி எடுத்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு வேனில் இருந்தவற்றையெல்லாம் கவின்மலர் ஒரு பையில் போட்டு இங்கே வைத்திருக்கிறாள். அன்றைய செய்தித்தாள், நாலாக மடித்தபடி. மூக்குக்கண்ணாடி. சின்னத் தலையணை. மீட்டர் அதன் உறைக்குள், ஜிப் போட்டு மூடியபடி. ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பேட்டரியில் 12.6 வோல்ட். அருமையாக இருக்கிறது. விளக்கு, ஃபேன் ஒயர்கள் பிரிகிற ஃப்யூஸ் பெட்டியில் பூஜ்யம். ஆறு குட்டி ஃப்யூஸையும் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. இது நான் செய்த கோளாறு இல்லை. நான் செய்ததில் பெட்டியிலும் பன்னிரண்டு காட்டியிருக்கும்.

ஜன்னல் வழியாக அவர் இடது கையை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடியும் அன்வர் பாயிடம். கிளாம்ப் மீட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்கத்தான் போனேன். எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். சிரிக்கவே இல்லை. அவர் கொஞ்சம் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கேபிள்ல எங்கியோ அறுந்திருக்குதுங்க டீச்சர். அதுக்கு மீட்டரு வேண்டாம். இது போதும்" என்று ஒரு டெஸ்ட் லைட்டை எடுத்து வைத்தார். ஆணி மாதிரி முனை, பிடிக்குள்ளே சின்ன பல்பு, வாலில் ஒரு கவ்வி. "கவ்விய பேட்டரி மைனஸ்ல மாட்டிக்கங்க. முனையால ஒவ்வொரு எடமா தொட்டுக்கிட்டே போங்க. எங்க எரியாம போகுதோ அதுக்கு முன்னாடிதான் கோளாறு. மீட்டரு ஏமாந்துரும், பல்பு ஏமாறாது. சாரு வாங்கிட்டுப் போனப்பகூட இதையேதான் சொன்னேன்."

"எந்த சார்?"

"உங்க சாருதாங்க. மார்ச் மாசம். மீட்டரு ஒண்ணு சொல்லுது, ஃபேன் ஒண்ணு சொல்லுதுன்னு வந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு இந்த வழியா போனாரு. கோளாறு கெடச்சுதுங்களா சார்னேன். கெடச்சுருச்சு பாய், ஆனா இன்னும் பத்து நாள் ஆகும்னு சிரிச்சுக்கிட்டே போனாரு."

அன்வர் பாய் கடைக்கு நூறு பேர் வருவார்கள். வேறு யாரையாவது சொல்கிறார்.

பயிற்சி: பதினெட்டு. பந்து: ஆறு.

அக்டோபர் 18

வேறு யாரையாவதுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கவின்மலரும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துப் புதுச் சட்டை போட்டோம். வலது கையைச் சட்டைக்குள் தானே நுழைத்தார். மகள் அழுதுவிட்டாள்.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழமை வந்துருவாங்கம்மா, வண்டிய கழுவி வெச்சிரு" என்றாள். சரி என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. வேனுக்குப் போகவில்லை. மழையைச் சாக்கு வைத்துப் போகவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை. ஒருவேளை அன்வர் பாய் சொன்னது இவரைத்தான் என்றால், மீட்டரைப் பற்றி என்னிடம் கேட்ட பன்னிரண்டாம் தேதி வாக்கிலேயே இவர் கையில் டெஸ்ட் லைட் இருந்திருக்கிறது. பல்பு ஏமாறாது. இரண்டே நாளில் அந்த நட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். துண்டை எடுத்துவிட்டு நட்டை முடுக்கியிருப்பார். அப்படியானால் அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்தக் கொதிக்கிற தகரத்துக்குள் என்ன தேடினார்?

என்னை ஏன் கேட்கவில்லை? நான் ரசம் ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்தாரா?

பயிற்சி எழுத மறந்துவிட்டேன். செய்தார்.

அக்டோபர் 25, சனி

நாளைக்குப் பல்லடத்துக்காரர் வருகிறார். மழை விட்டிருந்தது. காலை இட்லிக்குப் பிறகு டெஸ்ட் லைட்டோடு வேனுக்குள் போனேன்.

கவ்வியைப் பேட்டரி மைனஸில் மாட்டினேன். பிளஸ்ஸைத் தொட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. சிவப்புக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்னால், பலகையின் மறைவில், எனக்குத் தெரியாத ஒரு கறுப்பு டப்பா. மெயின் ஃப்யூஸ் அதற்குள் இருக்கும்போல. டப்பாவுக்கு இந்தப் பக்கம் தொட்டால் எரிகிறது. அந்தப் பக்கம் தொட்டால் இல்லை. அன்றைக்கு ஜன்னலிலிருந்து அவர் காட்டியது இந்தப் பின்பக்கத்தைத்தான்.

டப்பாவுக்குப் பக்கத்திலேயே என் கையில் இருப்பது போலவே இன்னொரு டெஸ்ட் லைட், ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தது. அன்வர் பாய் சொன்ன சார் இவர்தான்.

மூடியைத் திறந்தேன். ஃப்யூஸ் இல்லை. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் நீல எழுத்தில் "இயற்பி" என்று இருந்தது. மிச்ச எழுத்துகள் அலமாரியில், என் அடையாள அட்டையில் இருக்கின்றன. மார்ச்சில் எதை வெட்டுகிறோம் என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். வேறு எந்தத் திருடியும் பெயர்ப்பலகையை வைத்துவிட்டு வரமாட்டாள்.

மூடியின் உட்புறத்தில் கழற்றிய ஃப்யூஸை ஒட்டி வைத்திருந்தார். மேலே காகித டேப், அவர் கையெழுத்து. நல்ல கையாக இருந்தபோது எழுதியது:

"14.3. அம்மிணி வெச்சது. 25-ம் தேதிக்கு அப்புறம் எடுக்கவும்."

மார்ச் பதினான்காம் தேதியே அவர் கண்டுபிடித்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. நட்டை முடுக்கிவிட்டு, நான் விரும்பியபடியே வண்டி கிளம்பாமல் இருக்கத் தானே ஒரு கோளாறைச் செய்துவைத்துவிட்டு, தினமும் தேடுவது போல வேனுக்குள் போய்ச் செய்தித்தாள் படித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், அவள் சொல்லாவிட்டால் போகிறது என்று. ஜிப் போட்ட மீட்டர் ஏழு மாதமாக அலமாரியில் இருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கோளாறைத் தேடித்தான் அவர் விழுந்தார் என்று இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன். அது இல்லை என்று தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. அவர் அங்கே போய் உட்கார்ந்ததும் எனக்காகத்தானே. "பரீட்சை முடியட்டுங்க, பதினஞ்சு நாள் பொறுங்க, இந்தத் தடவ கட்டாயம் வர்றேன்" என்று கையைப் பிடித்து ஒரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்காமலே கொடுத்தவர். அவரும் "கண்டுபிடிச்சுட்டேன் அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் இருந்த நாளில் இரண்டு பேரும் சொல்லவில்லை. இன்றைக்கு ஒருவருக்கு வாய் இல்லை.

ஃப்யூஸை நான் மாட்டவில்லை. கவின்மலருக்குப் போன் செய்து, "வண்டி விக்கறதில்ல, பல்லடத்துக்காரங்ககிட்டச் சொல்லிரு" என்றேன். "நேத்து வரைக்கும் சரின்னியேம்மா!" என்று கத்தினாள். "சரின்னு சொன்னது தப்பு கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வேனின் பின்கதவு வரை தள்ளிக்கொண்டு போனேன். துண்டை அவர் இடது உள்ளங்கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் தேதி மத்தியானம், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர், ரசம், எதையும் விடவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அந்த நீல எழுத்தைத் தடவினார். உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து எழப்போனேன். என் புடவையைப் பிடித்து நிறுத்தினார், வலது கையால்.

"பரி... பரீச்ச..." என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

"முடிஞ்சுருச்சுங்க" என்றேன். "எப்பவோ முடிஞ்சுருச்சுங்க."

கையை நீட்டினார். நான் ஃப்யூஸைக் கொடுத்தேன்.